பைக்கு 5 காசு: அது விலைவாசி உயர்வா?

2023 ஜூலை 3, திங்கட்கிழமை மாலை. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்திலிருக்கும் பேரங்காடியில் வரிசை வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. நாமே பணம் கட்டிக்கொள்ளும் இயந்திரம் அன்று புதிதாக ஒரு கேள்வி கேட்டது: எத்தனை பைகள் வேண்டும்? ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியின் முன் ஒரு நொடி திகைத்து நின்றார்கள். ஒருவர் பூஜ்யத்தை அழுத்தினார். பிறகு ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் முட்டை அட்டையும் மறு கையில் சோயா பால் பெட்டியுமாகக் கழைக்கூத்தாடி போல வெளியேறினார்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “அரிசி ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, பொருள் சேவை வரியும் ஏறிவிட்டது. இப்போது பைக்கும் காசா தம்பி? மனிதன் எப்படிப் பிழைப்பது?” என்றார். அவருக்குப் பின்னால் இருந்த இளம்பெண் சிரித்துவிட்டு, “5 காசுதானே தாத்தா? இதற்குப் பயந்து யார் வீட்டிலிருந்து பை எடுத்துவரப் போகிறார்கள்? ஒன்றும் மாறாது” என்றாள்.

பைக் கட்டணம் பற்றிய பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் இந்த இரண்டு குரல்களும் கேட்கும். ஒருவருக்கு அது தாங்க முடியாத சுமை, இன்னொருவருக்கு யாரையும் அசைக்காத துரும்பு. சில நேரம் ஒரே மனிதர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். ஆனால் ஒரு கட்டணம் பிழைப்பைக் கெடுக்கும் அளவுக்குப் பெரியதாகவும், பழக்கத்தை மாற்ற முடியாத அளவுக்குச் சிறியதாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. உண்மையில் அது இரண்டுமே இல்லை. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில், விதி என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டும் பேரங்காடி நிறுவனங்கள், கைப்பிடியுள்ள ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும். பிளாஸ்டிக், காகிதம், மக்கும் பொருள் என எதில் செய்த பையாக இருந்தாலும் சரி. காய்கறியையும் மீனையும் போட்டு முடிச்சுப் போடும் கைப்பிடியில்லாத மெல்லிய பைக்குக் காசு கிடையாது. ஏறத்தாழ 400 கடைகள், அதாவது நாட்டிலுள்ள பேரங்காடிகளில் மூன்றில் இரண்டு பங்கு, இந்த விதிக்குள் வந்தன. மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, உணவங்காடி, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவிலுள்ள சிறு மளிகைக் கடைகள் எதற்கும் இது பொருந்தாது.

வந்த நேரம்தான் கெட்ட நேரம். அந்த ஆண்டு ஜனவரியில்தான் பொருள் சேவை வரி (ஜிஎஸ்டி) 7 சதவீதத்திலிருந்து 8 ஆகியிருந்தது, அடுத்த ஜனவரியில் 9 ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. வீட்டு வாடகைப் பேச்சும் சாப்பாட்டு விலைப் பேச்சும் காதில் விழாத நாளே இல்லை. அந்தக் கோபத்தோடு பைக் காசும் சேர்ந்துகொண்டது. எல்லாமே ஒரே மூட்டை என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை. அந்த மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

சாப்பாட்டில் வைத்த அப்பளம்

மதுரையிலோ திருச்சியிலோ ஒரு மெஸ்ஸில் முழுச் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள். இலையில் அப்பளம் வைக்கிறார்கள், தனியாகக் காசு கேட்பதில்லை. அப்பளம் இலவசமா? மாவு வாங்கியதும் எண்ணெய் ஊற்றியதும் பொரித்தவருக்குக் கூலி கொடுத்ததும் சாப்பாட்டு விலைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அப்பளமே தொடாதவரும் அதற்குப் பணம் கட்டுகிறார். நாலு அப்பளம் கேட்டு வாங்குபவருக்காகவும் அவர் கொஞ்சம் கட்டுகிறார்.

கடையில் கொடுத்த பையும் அப்படித்தான். கடைக்காரர் பைகளைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார். அந்தச் செலவை வாடகை, மின்கட்டணம், சம்பளம் ஆகியவற்றோடு சேர்த்துப் பருப்பின் விலையிலும் சோப்பின் விலையிலும் தூவிவிட்டார். துணிப்பையோடு வந்த பாட்டியும், ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பை கேட்டவரும் ஒரே விலைதான் கொடுத்தார்கள். ஒருவர் பயன்படுத்துவதற்கு இன்னொருவர் பணம் கட்டும் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளாதாரத்தில் குறுக்கு மானியம் என்று பெயர்.

ஆகவே 2023 ஜூலை 3-ல் பைக்கு விலை பிறந்துவிடவில்லை. பருப்பு விலைக்குள் ஒளிந்திருந்த விலை பற்றுச்சீட்டில் தனியாக ஏறியது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. அப்பளத்துக்குத் தனிக் காசு என்றால் சாப்பாட்டு விலையைக் குறைக்க வேண்டாமா? குறைத்திருக்க வேண்டும். ஆனால் எந்தக் கடையும் “பைச் செலவு மிச்சம், பருப்பு விலை குறைந்தது” என்று பலகை வைத்து நான் பார்த்ததில்லை. மிச்சமாகும் தொகை ஒவ்வொரு பொருளிலும் காசில் ஒரு துளி என்பதால் குறைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் வசதியான உண்மை. பெரியவரின் கோபத்தில் நான் ஒப்புக்கொள்ளும் பகுதி இதுதான்.

மேல்மாடித் துணி

அப்பளக் கணக்கில் வராத இன்னொரு செலவு இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் மூங்கில் கழியில் துணி காயப்போடுவோம். மேல்மாடிக்காரர் பிழியாமல் போட்டால் தண்ணீர் நம் வீட்டுக் காய்ந்த துணியின்மேல் சொட்டும். பிழியாததால் அவருக்குக் கை வலி மிச்சம். அதன் விலையை நாம் கொடுக்கிறோம், மறுபடி துவைத்து. வாங்குபவரும் விற்பவரும் கொடுக்காமல் மூன்றாம் ஆள் தலையில் விழும் இப்படிப்பட்ட செலவைப் புறச்செலவு என்கிறோம்.

பையின் புறச்செலவு ஊருக்கு ஊர் வேறு. வங்கதேசத்தில் பிளாஸ்டிக் பைகள் வடிகால்களை அடைத்து வெள்ளத்தை மோசமாக்கின. 2002-ல் அந்த நாடு மெல்லிய பைகளைத் தடையே செய்தது. சிங்கப்பூரில் அந்தக் கதை பொருந்தாது. இங்கே குப்பை எரிஆலைக்குப் போகிறது, சாம்பல் குப்பைக்கிடங்கான செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999 முதல் நிரம்பிவரும் அந்த இடம் 2035 வாக்கில் முழுதாக நிரம்பிவிடும் என்பது அரசின் கணிப்பு. பிளாஸ்டிக் பை எரிந்தால் சாம்பல் கொஞ்சம்தான், கரியமில வாயுதான் மிச்சம். பையைக் குறைத்தால் செமக்காவ் பிழைத்துவிடும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். இங்கே குறி, தேவைக்கு மேல் அள்ளும் பழக்கம்தான். 2018-ல் சிங்கப்பூர்ச் சுற்றுப்புற மன்றம் போட்ட கணக்கில், பேரங்காடிகளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 82 கோடி பிளாஸ்டிக் பைகள் வெளியேறின. கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 146.

இதுவரை சொன்னது: பைக்கு எப்போதும் விலை இருந்தது. அதில் ஒரு பகுதியைப் பருப்பு வாங்கியவர் கொடுத்தார், இன்னொரு பகுதியை யாரோ கொடுத்தார்கள். கட்டணம் அதைப் பை எடுப்பவரிடமே கேட்கிறது.

வாசற்படியும் மின்படிக்கட்டும்

இனி விலைவாசி. இந்தச் சொல்லைத்தான் நாம் மிகவும் தளர்வாகப் புழங்குகிறோம். ஏதாவது ஒன்றின் விலை ஏறினால் விலைவாசி ஏறிவிட்டது என்கிறோம். தக்காளி ஏறினாலும் அதே சொல், எல்லாமே ஏறினாலும் அதே சொல்.

பணவீக்கம் என்பது பல பொருள்களின் விலை ஒட்டுமொத்தமாக, தொடர்ந்து ஏறுவது. அதை அளக்க அரசுப் புள்ளிவிவரத் துறை ஒரு கற்பனைக் கூடையை வைத்திருக்கிறது. சராசரிக் குடும்பம் வாங்கும் அரிசி, மீன், பஸ் பயணம், பள்ளிச் செலவு, மருந்து எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. குடும்பச் செலவில் பெரிய பங்கு வகிக்கும் பொருளுக்கு அதிக எடை, சிறிய பங்குக்குக் குறைந்த எடை. கூடையின் மொத்த விலை எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்தான் நுகர்வோர் விலைக் குறியீடு.

பை பூஜ்யத்திலிருந்து 5 காசுக்குப் போனது. சதவீதத்தில் இது எவ்வளவு உயர்வு என்று கேட்டால் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறீர்கள் என்று கணக்கு வாத்தியார் அடிக்க வருவார். ஆனால் சதவீதம் இங்கே முக்கியமில்லை, எடைதான் முக்கியம். 50 வெள்ளிக்குச் சாமான் வாங்கி 2 பை எடுத்தால் 10 காசு, மொத்தத்தில் 0.2 சதவீதம்.

இன்னும் பெரிதாக்கிப் பார்ப்போம். ஒருவர்கூடத் திருந்தவில்லை, எல்லோரும் பழையபடி 146 பையும் எடுக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 7 வெள்ளி 30 காசு. நாலு பேர் வீட்டுக்கு 29 வெள்ளி 20 காசு. மாதத்துக்கு இரண்டரை வெள்ளிகூட ஆகவில்லை. இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மாதம் 1,000 வெள்ளி செலவழிக்கும் குடும்பத்துக்குப் பொருள் சேவை வரி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் மாதம் 10 வெள்ளி. 2023-ன் முதல் இரண்டு மாதங்களில் மூலாதாரப் பணவீக்கம், அதாவது குடியிருப்புச் செலவும் சொந்த வாகனச் செலவும் நீங்கலான விலை உயர்வு, 5.5 சதவீதமாக இருந்தது. முந்தைய ஆண்டு 1,000 வெள்ளிக்கு வாங்கியதையே வாங்க 1,055 வெள்ளி வேண்டியிருந்தது. பிழைப்பைக் கடித்தது அந்த 55 வெள்ளிதான். அது எந்த இயந்திரத்திலும் கேள்வியாக வந்து நிற்கவில்லை. யாரும் நம்மிடம் “உங்களுக்கு எத்தனை சதவீதப் பணவீக்கம் வேண்டும்?” என்று கேட்பதில்லை. கேட்டது பைக்குத்தான், அதனால் திட்டு வாங்கியதும் பைதான்.

அளவைவிட முக்கியமான இன்னொரு வேறுபாடு உண்டு. பைக் கட்டணம் ஒரு வாசற்படி. ஒரு முறை ஏறுகிறோம், அதோடு சரி. அடுத்த ஆண்டு ஜூலையில் பார்த்தால் 5 காசு 5 காசாகவே இருக்கும், உயர்வு பூஜ்யம். பணவீக்கம் மின்படிக்கட்டு. நின்றாலும் ஏற்றிக்கொண்டே போகும். வாசற்படியில் கால் இடித்துக்கொள்ளலாம். அதற்காக அதை மின்படிக்கட்டு என்று சொல்ல முடியாது.

சின்னக் காசு எப்படி வேலை செய்கிறது?

அந்தப் பெண் சொன்னதற்கு வருவோம். இவ்வளவு அற்பமான காசு யாரை மாற்றும்?

மாற்றியது என்பதுதான் பதில். அயர்லாந்து 2002 மார்ச் 4 முதல் பைக்கு 15 சென்ட் வாங்கத் தொடங்கியது. ஆளுக்கு ஆண்டுக்கு 328 பைகள் என்றிருந்தது 21 ஆக விழுந்தது. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் 5 பென்ஸ் வந்தபின் பெரிய பேரங்காடிகளில் பைப் பயன்பாடு பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. சிங்கப்பூரிலும் கட்டணம் வந்த கடைகளில் பைகள் பாதிக்கும் மேல் குறைந்தன.

காரணம் இரண்டு. ஒன்று, விலை நெகிழ்ச்சி. ஒரு பொருளின் விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அரிசி கிலோவுக்கு அரை வெள்ளி ஏறினால் யாரும் பாதிச் சோறு சாப்பிடுவதில்லை. முணுமுணுத்துக்கொண்டே அதே அளவு வாங்குவார்கள். நெகிழ்ச்சி குறைவு. பையோ எளிதில் தவிர்க்கக்கூடியது. பழைய பை வீட்டில் கிடக்கிறது, தோள்பையில் இடம் இருக்கிறது, ஒற்றை பால் பெட்டிக்குக் கையே போதும். நெகிழ்ச்சி மிக அதிகம்.

இரண்டாவது காரணம் காசைவிடக் கேள்வியில் இருக்கிறது. இலவசமாக இருந்தபோது பையை நாம் கேட்கவில்லை, அது தானாக வந்தது. இப்போது கேட்டு வாங்க வேண்டும், அதற்கொரு பொத்தானை அழுத்த வேண்டும். பூஜ்யத்துக்கும் 5-க்கும் உள்ள தூரம், 5-க்கும் 10-க்கும் உள்ள தூரத்தைவிட மனத்தில் பல மடங்கு பெரியது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் இதற்கு ஒரு நல்ல சான்று கிடைத்தது. அங்கே சில கடைகள் சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் தள்ளுபடி கொடுத்தன. யாரும் பெரிதாக அசையவில்லை. அதே 5 சென்ட்டைப் பை எடுப்பவர் கட்ட வேண்டும் என்றதும் பை எடுப்போர் கூட்டம் மளமளவென்று குறைந்தது. அதே காசுதான். ஆனால் கிடைக்காமல் போகும் 5 சென்ட்டைவிட, கையைவிட்டுப் போகும் 5 சென்ட் அதிகமாக உறுத்தியது.

இப்போது வரிசையில் எழுந்த புதிர் அவிழ்கிறது. பை வேண்டாம் என்று பூஜ்யத்தை அழுத்தியவருக்கு இழப்பு எவ்வளவு? அந்தப் பை அவருக்கு 5 காசுக்கும் குறைவான மதிப்புள்ளது என்பதால்தான் விட்டார். 5 காசுக்கு மேல் மதிப்பிருந்தால் வாங்கியிருப்பார். ஆக, அவர் இழப்பு அதிகபட்சம் 5 காசு. வாங்கியவரின் இழப்பும் 5 காசுதான். தவிர்க்க எளிதான பொருள் என்பதால் சிறிய காசே பெரிய மாற்றத்தைத் தருகிறது. அதே காரணத்தால் அது பிழைப்பைக் கெடுப்பதும் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் எளிதா?

இங்கேதான் நான் கட்டணத்தின் ஆதரவாளர்களோடு கொஞ்சம் பிணங்குகிறேன். தவிர்ப்பது எளிது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஓர் இழுப்பறை உண்டு. அதில் பேரங்காடிப் பைகளைச் சமோசா போல முக்கோணமாக மடித்து அடுக்கி வைப்பாள் என் மனைவி. அவை குப்பைப் பைகள். இங்கே குப்பையைப் பையில் கட்டித்தான் மாடியிலிருந்து குப்பைக் குழாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் கரப்பான்பூச்சி திருவிழாவாகிவிடும். ஆகவே நாங்கள் வாங்கிய பை ஒன்றுகூட வீண் போனதில்லை என்று சத்தியம் செய்வேன். (அது முழு உண்மையில்லை. இழுப்பறை மூடாத அளவுக்குச் சேர்ந்தபோது ஒரு பை நிறையப் பைகளை அப்படியே குழாயில் போட்டிருக்கிறேன்.) கட்டணம் வந்து ஐந்து மாதத்தில் முக்கோணங்கள் தீர்ந்தன. இப்போது சுருளாக வரும் குப்பைப் பை வாங்குகிறோம். நான் வாங்கும் சுருளில் 30 பைகள், விலை 1 வெள்ளி 80 காசு, ஒன்றுக்கு 6 காசு. சாமான் பையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இந்தச் சுருளில் போய்விட்டது. கலிபோர்னியாவில் பைத் தடை வந்த ஊர்களிலும் சிறிய குப்பைப் பைகளின் விற்பனை இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததாக ஆய்வு உண்டு. ஒரு பக்கம் அடைத்தது மறுபக்கம் கசிவதால் இதைக் கசிவு என்கிறார்கள். அங்கேகூடக் கசிந்தது, அடைத்ததைவிடக் குறைவுதான்.

அடுத்து, 5 காசு எல்லோருக்கும் ஒரே 5 காசு. 10,000 வெள்ளி சம்பளக்காரருக்கும் 1,000 வெள்ளி சம்பளக்காரருக்கும் அதே காசு என்றால், வருமானத்தில் அதன் பங்கு ஏழைக்குத்தான் அதிகம். வருமானம் குறையக் குறைய அதிகமாக அழுத்தும் வரியைத் தேய்வு வீத வரி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். பைக் கட்டணம் வடிவத்தில் அப்படிப்பட்டதுதான். பொருள் சேவை வரியும் அப்படியே. வேறுபாடு, வரிக்குத் தப்ப வழியில்லை, பைக்கு இருக்கிறது.

யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. வீட்டிலிருந்து கிளம்பிக் கடைக்குப் போய் வீட்டுக்கே திரும்புபவருக்குப் பை எடுத்துப்போவது எளிது. கட்டுமானத் தளத்திலிருந்து நேராகக் கடைக்குப் போய் விடுதிக்குத் திரும்பும் நம் ஊர்த் தொழிலாளிக்கு அவ்வளவு எளிதில்லை. மூன்று வேலைக்கு நடுவில் ஓடிவந்து பால் வாங்கும் தாய்க்கும் எளிதில்லை. திட்டமிட்டுச் செலவு செய்வதற்கே கொஞ்சம் ஓய்வு வேண்டும், அந்த ஓய்வு இல்லாதவர்களிடம்தான் பணமும் இருக்காது. சிறு கடைகள் விதிக்கு வெளியே இருப்பது இவர்களுக்கு ஓரளவு நிழல். தொகை சிறியது என்பதால் இது பேரிடர் இல்லை. ஆனால் சிறியது என்பதற்காக இல்லவே இல்லை என்று சொல்வது சரியில்லை.

சுருக்கிச் சொன்னால், கட்டணத்தின் சுமை அதன் அளவைவிடத் தப்பும் வழியில்தான் இருக்கிறது. தப்ப முடிந்தவருக்கு அது சுமையே இல்லை. முடியாதவருக்குச் சிறிய வரி.

காசு யார் கைக்குப் போகிறது?

வரியா, கட்டணமா என்பதையும் போட்டுக் குழப்புகிறோம். வரி என்றால் பணம் அரசுக்குப் போக வேண்டும். அயர்லாந்தில் வாங்குவது வரிதான். கடை வாங்கி அரசிடம் ஒப்படைக்கிறது, அது சுற்றுச்சூழல் நிதிக்குப் போகிறது. இங்கிலாந்தில் அது வரியில்லை. பணம் கடையிடம் இருக்கும், நல்ல காரியங்களுக்குக் கொடுப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஹாங்காங்கில் 2015-லிருந்து கடையே வைத்துக்கொள்கிறது. சிங்கப்பூரிலும் பணம் கடையிடமே தங்குகிறது. ஆனால் எத்தனை பை கொடுத்தார்கள், எவ்வளவு வந்தது, அதை என்ன செய்தார்கள் என்று வெளியிட வேண்டும். நற்பணிக்குக் கொடுக்கும்படி அரசு ஊக்குவிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை.

“அரசாங்கம் நம் பையிலிருந்து பிடுங்குகிறது” என்று இங்கே சொன்னால் அது தகவல் பிழை. “கடைக்காரருக்கு லாபம்” என்று சொன்னால் பாதி சரி: அவருக்குப் பை வாங்கும் செலவும் குறைகிறது, 5 காசும் வருகிறது. என்னைக் கேட்டால், ஊக்குவிப்பை விட்டுவிட்டுக் கட்டாயமாக்கியிருக்கலாம். மக்கள் சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டுக் கடைகளிலும் இந்தச் சண்டை பழையதுதான். இந்தியாவில் 2011-லேயே பிளாஸ்டிக் கைப்பையை இலவசமாகத் தரக்கூடாது என்று மத்திய அரசின் விதி வந்தது. பிறகு துணிக்கடைகளும் செருப்புக் கடைகளும் தங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த காகிதப் பைக்கும் காசு வாங்கத் தொடங்கின. சண்டிகரில் ஒருவர், கடை விளம்பரத்தை நான் சுமக்க நானே காசு கொடுப்பதா என்று வழக்குப் போட்டார். 2019-ல் நுகர்வோர் மன்றம் 3 ரூபாய்ப் பைக்காக அந்தக் கடையை மொத்தம் 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் இதே போன்ற இன்னொரு வழக்கில், பைக்குக் காசு உண்டு என்பதை வாடிக்கையாளர் பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், பணம் கட்டும் இடத்தில் திடீரென்று நீட்டுவது நியாயமற்ற வணிக முறை என்றது. மேலே சொன்ன பொருளாதாரமும் இதைத்தான் சொல்கிறது. முன்கூட்டித் தெரிந்தால்தான் வீட்டிலிருந்து பை எடுத்துவர முடியும். கல்லாவில் வந்து தெரிந்தால் தப்ப வழியில்லை, அப்போது அது வெறும் வசூல். இலங்கையில் 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடிப் பொலித்தீன் பையை இலவசமாகத் தரக்கூடாது என்று வந்தபோது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

மஞ்சப்பைக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் அதை மீண்டும் கொண்டுவந்தது நல்ல செயல்தான். ஆனால் பருத்தி விளைவிக்கத் தண்ணீர், நூற்க மின்சாரம் எல்லாம் உண்டு. பிரிட்டன் சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, புவி வெப்பமாதலில் ஒரு பருத்திப் பை ஒற்றை பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமானால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் பதினான்கு தொங்குகின்றன. கடைக்குப் போவது அதில் இரண்டுதான்.

விலைவாசி தின்னும் கட்டணம்

பைக் கட்டணம் விலைவாசியை ஏற்றுகிறதா என்று கேட்கிறோம். தலைகீழாகக் கேட்டால் விடை இன்னும் சுவையானது: விலைவாசி பைக் கட்டணத்தை என்ன செய்கிறது? தின்றுவிடுகிறது.

சம்பளமும் மற்ற விலைகளும் மின்படிக்கட்டில் ஏறிக்கொண்டே இருக்க, 5 காசு மட்டும் வாசலிலேயே நிற்கிறது. ஆண்டுகள் போகப் போக அது ஒப்பீட்டில் சின்னதாகிறது, கூடவே மனமும் பழகிவிடுகிறது. அயர்லாந்தில் 21-க்கு இறங்கிய பைகள் சில ஆண்டுகளில் 31-க்கு ஏறின. 2007 ஜூலையில் கட்டணத்தை 22 சென்ட் ஆக்கினார்கள். இங்கிலாந்தில் 2021 மே மாதம் 5 பென்ஸ் 10 ஆனது, சிறு கடைகளும் சேர்ந்தன. ஹாங்காங்கில் 2022-ன் கடைசி நாள் 50 காசு ஒரு டாலர் ஆனது. கட்டணம் வைக்கும் அரசு எதுவாக இருந்தாலும் இந்த நாள் வந்தே தீரும். அப்போதும் வரிசையில் யாராவது விலைவாசியைத் திட்டுவார்கள்.

சென்ற வாரம் அதே பேரங்காடியில் அதே பெரியவரைப் பார்த்தேன். இயந்திரம் கேட்டதும் சற்றும் யோசிக்காமல் 2-ஐ அழுத்தினார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “பை எடுத்துவர மறந்துவிட்டேன் தம்பி. விடுங்கள், 5 காசுதானே” என்றார்.